பதினாறு முப்பத்தாறு

ஜூன் 15, 2025, ஞாயிறு. காலை 7.10. மீட்டரில் 38,412 கிலோமீட்டர்.

வண்டி: ஸ்போர்ட்ஸ் கார். ஜப்பான் தயாரிப்பு, இரண்டு சீட்டு, துணிக் கூரை, 2013 மாடல், கரும்பச்சை. இடம்: கோவை, கணபதி. கேட்கும் விலை பதினாறு லட்சத்து முப்பத்தாறாயிரம். அந்த விலை சரியா இல்லையா என்று சொல்வது என் வேலை. ஒரு சொல் போதும். ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படித்துவிட்டு இரண்டு வருடமாக ஒரு கம்பெனியில் இதைத்தான் செய்கிறேன். பழைய வண்டி வாங்க நினைப்பவர்களுக்காகப் போய்ப் பார்த்து, தட்டி, முகர்ந்து, ஓட்டி, விலை சொல்கிறேன். ஒரு வண்டிக்கு நாற்பது நிமிடம். அதற்கு மேல் ஆனால் எனக்கு எரிச்சல் வரும்.

வாங்க நினைப்பவர் திருப்பூர் திருமூர்த்தி. பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். ஐம்பத்தெட்டு வயதில் முதல் ஸ்போர்ட்ஸ் கார். போன வாரம் போனில் சொன்னார்: "ஓனர் ஒரு பொண்ணுங்களாமா, ரேஸெல்லாம் ஓட்டுமாமா. நீங்க ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வந்துருங் தம்பி." முகவரி அனுப்பினார். முகவரி எனக்குத் தேவைப்படவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

கேட்டைத் திறந்தது ஓனர் மிருதுளாவின் அம்மா.

"யாரு, சிபியா? ரெண்டு வருசமா வழி மறந்து போச்சாக்கும்?"

"வேலை ஆண்ட்டி."

"ஆமா, ஊர்ல இருக்குற காரையெல்லாம் பாக்குறயாமா. இந்தக் காரு மட்டும் கண்ணுல படல. சந்தகை புழிஞ்சிருக்கேன், சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

வண்டியைப் பார்த்த பிறகு என்றேன்.

நான்கு வருடம் மிருதுளா கார் ராலி ஓட்டினாள். நான் அவளுக்கு நேவிகேட்டர். இடது சீட்டில் உட்கார்ந்து, முன்பே எழுதி வைத்த குறிப்பைப் படித்து, அடுத்து வரும் வளைவு எப்படிப்பட்டது என்று ஓட்டுகிறவருக்குச் சொல்லும் வேலை. இந்தப் பச்சை வண்டி ராலி வண்டி இல்லை. அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. குறிப்பு எழுதிப் பழகுவதற்கு ஆனைகட்டி ரோட்டுக்கு இதில்தான் போவோம். அப்பா தவறியதும் அவருடைய பம்ப் கம்பெனியை அவள் பார்க்க வேண்டியதாயிற்று. ராலி நின்றது. ராலி நின்ற பிறகு நான் அங்கே போகக் காரணம் இல்லை. காரணம் இல்லாமல் நான் எங்கும் போவதில்லை.

"என்ன நேவி," என்றாள் மிருதுளா. கையில் கார் சாவி. தலைமுடியை வெட்டியிருக்கிறாள். "டையெல்லாம் கட்டிட்டு வருவேன்னு நெனச்சேன்."

"கார் பாக்க எதுக்கு டை?"

"என் வண்டின்னு தெரிஞ்சுதான் வந்தயா?"

"அட்ரஸ் குடுத்தாங்க. வந்தேன்."

"ஓ. அட்ரஸு." சிரித்தாள். எதற்கென்று தெரியவில்லை.

பெயிண்ட் எவ்வளவு தடிமன் என்று காட்டும் மீட்டரை ஒவ்வொரு கதவிலும் வைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் கம்பெனி பெயிண்ட். எங்கும் அடி வாங்கியதில்லை. பானெட் மேல் கை வைத்தேன். சூடு.

"ஸ்டார்ட் பண்ணியா?"

"நீ வர்றயேன்னு அஞ்சு நிமிசம் ஓட விட்டேன்."

"சூடான எஞ்சினை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ராத்திரியெல்லாம் ஆறிக் கெடந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும்."

"அப்ப இன்னொரு நாள் வருவ."

"வரணும்."

"செரி," என்றாள்.

நான் கடைசியாக இந்த வண்டியிலிருந்து இறங்கியபோது மீட்டர் 38,007. இரண்டு வருடத்தில் நானூற்றைந்து கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. தெருவைச் சுற்றி வந்திருப்பாள், அவ்வளவுதான். நின்றே கிடந்த வண்டியில் டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். கழிக்க வேண்டும்.

சந்தகை சாப்பிட்டேன், தேங்காய்ப் பால் ஊற்றி. இரண்டாவது தரமும் வைத்தார்கள். வெளியே வரும்போது மணி ஒன்பதரை.

ஜூன் 16, திங்கள்

ஆறு வண்டி பார்த்தேன். எல்லாம் குப்பை. ஒருவன் மீட்டரைத் திருப்பி இருபதாயிரம் என்று வைத்திருந்தான். பிரேக் மிதிகட்டையின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து கிடக்கிறது. மீட்டர் பொய் சொல்லும், ரப்பர் சொல்லாது என்றேன். அவன் என்னை வெளியே போகச் சொன்னான். போனேன்.

ஜூன் 17, செவ்வாய்

திருமூர்த்தி கூப்பிட்டார்.

"வண்டி தேறுமாங் தம்பி?"

"இன்னும் முடியலைங்க. இன்னொரு தடவை பாக்கணும்."

"உங்குளுக்கு நாப்பது நிமிசந்தான்னு சொன்னாங்ளே."

"இது வேற மாதிரி வண்டி."

"அது செரி. ஏனுங், அதென்னுங் பதினாறு முப்பத்தாறு? ஒண்ணு முப்பத்தஞ்சும்பாங்க, இல்லாட்டி நாப்பதும்பாங்க. மளிகைக்கடை பில்லாட்டமா முப்பத்தாறுங்குது அந்தப் புள்ள. முப்பத்தஞ்சுக்குக் குடும்மான்னேன். முடியாதுங்குது. செரி, நாப்பதா வாங்கிக்கம்மான்னேன் வெளயாட்டுக்கு. அதுக்கும் முடியாதுங்குது."

"தெரியலைங்க. நான் கேக்கல."

"நீங்க மிசின் வெச்சுப் பாருங். நான் வெள்ளிக்கிழமை கோயில்ல பூ கேட்டர்றனுங்."

எங்கள் பக்கத்தில் இது உண்டு. பொண்ணு பார்க்க, கிணறு வெட்ட, எதற்கும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். நான் பெயிண்டை மைக்ரானில் அளக்கிறேன், அவர் பொட்டலம் எடுக்கிறார். இரண்டுக்கும் ஒரே வண்டி.

ஜூன் 18, புதன்

காலை ஆறு மணிக்குப் போனேன். பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. அவள் சாவியைத் திருப்பினாள். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. புகை இல்லை. தட்டும் சத்தம் இல்லை. பேட்டரி மட்டும் பழசு, கழிக்கலாம். எஞ்சின் ஒரு நிமிடம் வேகமாக ஓடி, பிறகு தானாகத் தணிந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருமுனையில் அது கேட்டதும் நான் ஷூ லேஸைக் கட்ட ஆரம்பிப்பேன். இது மதிப்பீட்டுக்குத் தேவையில்லாத விவரம்.

எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: விற்கும் காரணம். அதனால் கேட்டேன்.

"ஸ்வீடன் போறேன். ஒரு கார் கம்பெனில வேலை. ஏரி உறைஞ்சு கெடக்குமாமா, அந்த ஐஸ் மேல வண்டியை ஓட்டி ஓட்டிப் பாக்கணும். பிரேக்கு, ஸ்டியரிங்கு எல்லாம்."

"எப்ப?"

"இருவத்தொம்பது. ஞாயித்துக்கிழமை."

"எத்தனை நாளைக்கு?"

"நாளா?" என்றாள். பிறகு வேறு பக்கம் பார்த்துச் சொன்னாள்: "பம்ப் கம்பெனியைச் சித்தப்பாகிட்ட குடுத்தாச்சு. அம்மா அக்காகூட இருக்கப் பெங்களூர் போறாங்க. வண்டியை யாருகிட்ட விட்டுட்டுப் போறது, நீயே சொல்லு."

கட்டத்தில் 'வெளிநாடு' என்று எழுதினேன்.

கூரைத் துணியின் தையல்களை விரலால் தடவிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் துணிக் கூரை வண்டியை மழையில் பார்க்காமல் விலை போட முடியாது என்றேன்.

"ஹோஸ் இருக்குது. தண்ணி அடிச்சுப் பாத்துக்கோ."

"ஹோஸ் தண்ணி வேற, மழை வேற."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "செரி. மழை வரட்டும்."

ஹோஸில் வரும் தண்ணீர் ஒரே பக்கமாக அடிக்கும். மழை எல்லாப் பக்கமும் அடிக்கும். இது உண்மை.

ஜூன் 19, வியாழன்

மழை இல்லை.

ஜூன் 20, வெள்ளி

மழை இல்லை. காற்று மட்டும். நான்கு சட்டை துவைத்துப் போட்டேன், ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டன. பைக் செயினுக்கு எண்ணெய் விட்டேன். போனில் மூன்று வானிலை ஆப் இருக்கின்றன. மூன்றும் மூன்று விதமாகச் சொல்கின்றன. ஸ்வீடனில் அவள் போகும் பக்கம் இந்த மாதம் முழுக்க இருட்டே விழுவதில்லையாம். அதை எதற்குத் தேடினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 21, சனி

மதியம் மூன்று மணிக்கு மழை பிடித்தது. பைக்கை எடுத்துக்கொண்டு அப்படியே போனேன். ஆண்ட்டி ஒரு துண்டைத் தூக்கிப் போட்டு, "காரு நனையுதான்னு பாக்க நீ நனைஞ்சுட்டு வர்ற," என்றார்.

வண்டியை வாசலில் மழைக்குக் கீழே நிறுத்தினோம். அவள் வலது சீட்டில், நான் இடது சீட்டில். டார்ச் அடித்து கூரையின் ஓரங்களைப் பார்த்தேன். ஒழுகவில்லை. ஒரு சொட்டுகூட இல்லை. பின்பக்கம் துணியில் தைத்திருக்கும் பிளாஸ்டிக் ஜன்னல் மட்டும் மங்கியிருக்கிறது. கழிக்கலாம்.

எனக்கு ஆறடி ஓர் அங்குலம். யார் வண்டியில் ஏறினாலும் முதல் வேலையாகச் சீட்டைப் பின்னால் தள்ளுவேன். இதில் தள்ள வேண்டியிருக்கவில்லை. கால் சரியாகப் பொருந்தியது. சீட்டுக்கு அடியில் இருக்கும் லிவரைத் தூக்கி முன்னால் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. சீட்டு நகரும் ரெயில், கடைசிப் பல்லில் துருப்பிடித்து இறுகியிருக்கிறது.

"சீட்டு நகரல," என்றேன்.

"தெரியும்."

"சரி பண்ணலயா?"

"அம்மா இதுல ஏற மாட்டாங்க. தேவைப்படல."

படிவத்தில் எழுதினேன்: இடது சீட் ரெயில் பழுது. கழிவு 4,000.

கேட்டுக்கு வெளியே ஒரு வெள்ளைக் கார் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போனது. "வெலை சொல்லு," என்றாள்.

அது எங்கள் பழைய விளையாட்டு. காந்திபுரம் சிக்னலில் நிற்கும்போது முன்னால் நிற்கும் காருக்கு ஆளுக்கொரு விலை சொல்ல வேண்டும். முறை நான் சொல்லிக் கொடுத்தது: விளம்பரத்தில் அதே மாடல் எவ்வளவு போகிறது என்று மூன்று இடத்தில் பார், சராசரி எடு, அந்த வண்டியில் கெட்டுப்போனதை மட்டும் கழி, இல்லாத குறையைக் கழிக்காதே. முதல் வருடம் நான்தான் ஜெயிப்பேன். நாலாவது வருடம் இருவருக்கும் ஒரே எண் வர ஆரம்பித்தது. ஆட்டம் சலித்துவிட்டது என்று அப்போது சொன்னேன்.

"அஞ்சு இருவது," என்றேன்.

"அஞ்சு இருவது," என்றாள் அவளும், ஒரு நொடி பிந்தி. நான் சொன்னதைத் திரும்பச் சொன்னாளா, அவளுக்கே அந்த எண் வந்ததா என்று தெரியவில்லை.

மழை பலத்தது. முன் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. அவள் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, "இப்ப நீ ஏதாவது சொன்னா ஓட்டிருவேன்," என்றாள்.

குறிப்பில் எங்களுக்கு மட்டும் ஒரு சொல் இருந்தது. ரோடு மேடேறும்போது, மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வானம்தான் தெரியும். பயந்து காலை எடுப்பார்கள், நேரம் போகும். அந்தப் பக்கம் ரோடு நேராகத்தான் இறங்குகிறது என்று என் குறிப்பில் இருந்தால், "நம்பு" என்பேன். அவள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க மாட்டாள். மற்ற நேவிகேட்டர்கள் இங்கிலீஷில் ஏதோ சொல்வார்கள், எங்களுக்கு இது அமைந்துவிட்டது. நான் சொல்லி அவள் காலை எடுத்தது ஒரு தடவைகூடக் கிடையாது.

"அங்க நேவியெல்லாம் வேண்டாமாமா," என்றாள். "ஏரி ஒரே தட்டையாம். மேடே கெடையாது."

"அப்ப நல்லது."

"ம்."

மழை நின்றது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் 22, ஞாயிறு

ரிப்போர்ட் முடித்தேன். பெங்களூரில் இதே மாடல் ஒன்று பதினாறு தொண்ணூறுக்கு விளம்பரத்தில் இருக்கிறது. அதை அடிப்படையாக எடுத்தேன். டயர், பேட்டரி, கூரை ஜன்னல், ரெயில். இவை தவிர எதிர்பாராத செலவுக்கு அறுபதாயிரம், உதிரி பாகம் கிடைக்கும் சிரமத்துக்கு ஐம்பதாயிரம், திரும்ப விற்க நேர்ந்தால் வாங்க ஆள் குறைவு என்பதற்கு முப்பதாயிரம். எல்லாம் போக சரியான விலை பதினாலு லட்சத்து நாற்பத்தாறாயிரம். கேட்கும் விலை அதிகம்.

திருமூர்த்திக்கு போன் போட்டேன்.

"பூவு வெள்ளையே வந்துருச்சுங் தம்பி. சந்தேகத்துக்கு ரெண்டாந்தரமும் கேட்டேன். மறுக்காவும் வெள்ளை."

"வெலை அதிகங்க. ரெண்டு லட்சம்போல."

"அந்தப் புள்ள ஒரு ரூவா கொறைக்காதே. சாமி செரிங்குது, நீங்க இல்லீங்கறீங்க. சாமிக்கு ரேட்டு தெரியாதுங். உட்டர்லாமுங்."

அவசரப்பட்டு வாங்குவதிலும் விற்பதிலும் யாருக்கும் லாபமில்லை. வண்டி இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. அதை வைத்துக்கொண்டு யாரும் விமானம் ஏற முடியாது.

ஜூன் 23, திங்கள்

மதியம் மிருதுளா கூப்பிட்டாள்.

"திருப்பூர்காரர் வேண்டாம்னுட்டாரு."

"ஓ."

"ஒரு புரோக்கர் பன்னெண்டுக்குக் கேக்குறான். புதன்கிழமை சாயந்திரம் வந்து எடுத்துக்கச் சொல்லிட்டேன்."

"பன்னெண்டா? வண்டி அதுக்கு மேல போகும். வெயிட் பண்ணு."

"எவ்வளவு நாளு? ஞாயித்துக்கிழமை ஃப்ளைட்டு."

"டிக்கெட்டை மாத்தலாம்ல."

"வண்டிக்காகவா?"

அவள் ஒரு தடவை மூச்சு விட்டாள்.

"நீ எவ்வளவு போட்ட?"

"பதினாலு நாப்பத்தாறு."

அந்தப் பக்கம் தெருவில் ஏதோ லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப நான்தான் தப்பாப் போட்டுட்டனாட்ட இருக்குது," என்றாள். "நீ சொன்னா செரியாத்தான் இருக்கும்."

வைத்துவிட்டாள். சண்டை போட்டிருக்கலாம்.

ஜூன் 24, செவ்வாய்

எட்டு வண்டி பார்த்தேன். எட்டுக்கும் சரியான விலை போட்டேன்.

ஜூன் 25, புதன்

சாயந்திரம் புரோக்கர் வருவான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் புதிய படிவம் ஒன்றை எடுத்து, வண்டி யாருடையது என்று தெரியாதவன்போல முதலிலிருந்து போட்டேன்.

இந்த மாடல் விளம்பரத்தில் இருப்பது மூன்று ஊரில்தான். பெங்களூர் பதினாறு தொண்ணூறு, கொச்சி பதினேழு முப்பது, புனே பதினெட்டு. சராசரி பதினேழு நாற்பது. டயர் நான்குக்கும் அறுபத்து நாலாயிரம், பேட்டரி ஒன்பதாயிரம், கூரை ஜன்னல் இருபத்தேழாயிரம். சேர்த்து ஒரு லட்சம். மீதி பதினாறு நாற்பது. முழு எண். யாரும் கூசாமல் கேட்கக்கூடிய விலை. எதிர்பாராத செலவு, உதிரி பாகம், ஆள் குறைவு ஆகிய மூன்றையும் எழுதவில்லை. அவை இல்லாத குறைகள்.

கடைசி வரி மிச்சமிருந்தது. இடது சீட் ரெயில், நாலாயிரம். கழித்தேன்.

பதினாறு முப்பத்தாறு.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் எண்ணெயும் ஒரு மெக்கானிக்கும் இருந்தால் ரெயில் ஒரு மணி நேர வேலை. சரி செய்துவிட்டு நாற்பது என்று கேட்டிருக்கலாம். திருமூர்த்தி முப்பத்தைந்து என்றபோதும் இறங்கவில்லை, நாற்பது தருகிறேன் என்றபோதும் ஏறவில்லை. இரண்டு வருடம் சீட்டை அதே பல்லில் விட்டுவைத்து, விற்கும்போது அதற்குரியதைக் கழித்திருக்கிறாள். இதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடிவிட்டு வெளியே போய் திருமூர்த்தியைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, நான் சொன்ன வெலை தப்பு. அந்தப் பொண்ணு கேக்குறதுதான் சரியான வெலை."

"ஏனுங், மூணு நாள்ல ரெண்டு லட்சம் ஏறிருச்சுங்ளா? தங்கமாட்ட இருக்குது."

"நான்தான் கொறைச்சுப் போட்டேன். இன்னொண்ணு. அந்தப் பொண்ணை எனக்குத் தெரியும். நாலு வருசம் அது வண்டி ஓட்டுறப்ப பக்கத்து சீட்டுல உக்காந்தவன் நான். மொதல்லயே உங்ககிட்ட சொல்லிருக்கணும்."

"தெரிஞ்ச புள்ளைக்கு வெலையை ஏத்தில்ல சொல்லுவாங்க. நீங்க எறக்கிச் சொல்லிருக்கீங்?"

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"அந்தப் புள்ள வெளிநாடு போறதா எழுதிருந்தீங்ளே. எப்பங் போகுது?"

"இந்த ஞாயித்துக்கிழமை."

"ஓஹோ," என்றார். இழுத்துச் சொன்னார். பனியன் கம்பெனி நடத்துகிறவருக்கு இவ்வளவு கூர்மை தேவையில்லை. "அப்ப பூவு கரெக்டாத்தான் சொல்லிருக்குது. மிசினுதான் ரிப்பேரு."

"வண்டியை எடுத்துக்கறீங்களா? சாயந்திரம் ஒரு புரோக்கர் வர்றான்."

"எடுத்துக்கறனுங். இப்பவே அந்தப் புள்ளைகிட்ட பேசீர்றேன். ஒண்ணே ஒண்ணு. எடது சீட்டு நகர மாட்டேங்குதுன்னு எழுதிருக்கீங்க. என்ற சம்சாரம் நாலே முக்கால் அடிங். அதுல உக்காந்தா காலு தொங்குமுங். அதைய மட்டும் முன்னால தள்ளிக் குடுத்தர்றீங்ளா?"

"தள்ளிக் குடுத்தர்றேன். எனக்கு ஃபீஸ் வேண்டாங்க."

"அதெப்படிங்? ரெண்டு தடவ வெலை போட்டிருக்கீங்."

ஜூன் 26, வியாழன்

மிருதுளா கூப்பிட்டாள்.

"புரோக்கரைத் திருப்பி அனுப்பிட்டேன். திருப்பூர்காரர் அதே வெலைக்கு எடுத்துக்கறாராமா. நீ பேசுனயா?"

"கணக்குல தப்பு இருந்துச்சு. திருத்திட்டேன்."

"எவ்வளவு வந்துச்சு?"

"பதினாறு முப்பத்தாறு."

"ரெயிலுக்கு எவ்வளவு கழிச்ச?" என்றாள்.

"நாலு. நீ?"

"நாலுதான்."

ஆண்ட்டி பின்னால் யாரிடமோ அட்டைப் பெட்டி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு நானே ஓட்டிட்டுப் போயிக் குடுத்துட்டு, பஸ்ல வந்துர்றேன்," என்றாள். "பல்லடம் ரோட்டுல, சூலூர் தாண்டி ஒரு மேடு இருக்குமே."

"இருக்குது."

"இன்னும் அப்படியேதான் இருக்குதா, வெட்டி ரோடு போட்டுட்டாங்களான்னு நெனச்சேன்."

"அப்படியேதான் இருக்குது."

"செரி. சும்மாதான் கேட்டேன்."

அப்போது நான் சொன்னது இது: "டயர்ல காத்து பாத்துக்கோ. முன்னாடி இருவத்தொம்பது."

"செரி நேவி," என்று வைத்துவிட்டாள்.

முன்னாடி இருபத்தொன்பது. அதைத்தான் சொன்னேன். சரியான அழுத்தம்தான்.

ஜூன் 27, வெள்ளி

ஆபீஸில் நாளைக்கு லீவு எழுதினேன். காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். மேனேஜர் அம்மா திருப்பிக் கொடுத்தார். "காரணம் போடு சிபி." காரணம் இல்லை மேடம் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உனக்கா?" என்றார். கையெழுத்துப் போட்டார்.

நாளை செய்ய வேண்டியவை:

1. ஐந்தரைக்குக் கணபதியில் இருக்க வேண்டும். அவள் கூப்பிடவில்லை. போகக் காரணம்: இல்லை.

2. பையில் எண்ணெய்க் குப்பி, ஸ்பேனர், கைதுடைக்கத் துணி. திரும்பி வர பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட்டுக்குச் சில்லறை.

3. ஆண்ட்டி எது வைத்தாலும் சாப்பிட வேண்டும். இரண்டாம் தரம் வேண்டாம், நேரமாகிவிடும். வைத்தால் சாப்பிடலாம்.

4. இடது சீட்டில் ஏறி உட்கார வேண்டும். அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

5. வழியில் அவள் "வெலை சொல்லு" என்றால் சொல்ல வேண்டும். ஆட்டம் சலித்துவிட்டது என்று சொல்லக் கூடாது. சலிக்கவில்லை.

6. சூலூர் தாண்டி மேடு வரும்போது சொல்ல வேண்டும். அறுபதில் போனாலும் சொல்ல வேண்டும். ஒரு சொல் போதும்.

7. திருப்பூர் போய், இருவரும் இறங்கி, அவள் சாவியை அவர் கையில் கொடுத்த பிறகு ரெயிலுக்கு எண்ணெய் விட்டு, சீட்டை நானே முன்னால் தள்ள வேண்டும். அதற்கு முன்னால் குப்பியைத் திறக்கக் கூடாது.